மாண்ட்ரில் குரங்கு: முகத்து நீலம், தீனி, பிழைப்பு

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். மத்திய ஆபிரிக்க மழைக்காட்டில் வாழும் மாண்ட்ரில் குரங்கின் முகத்து நீலமும் சிவப்பும் எந்த நிறப்பொருளால் வருகின்றன? அது தின்பது பழமா, விதையா, பூச்சியா. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு சதவீதம் ஏன்? அது ஏன் குறைந்து வருகிறது? கடைசிக் கேள்வி மாணவர்களுடையது: "கோணேசர் கோயிலடிக் குரங்குகள் பிழைக்குதுகள்தானே, இதையும் எங்கட காட்டில விட்டால் பிழைக்காதா?" நல்ல கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல மற்ற மூன்றும் வேண்டும்.

நீலத்தில் தொடங்கலாம். அதற்கு நிறப்பொருளே கிடையாது. மாண்ட்ரிலின் தோலை அரைத்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டு நீலம் வராது. மூக்கின் இரு புறமும் மேல்தாடை எலும்பு வரம்பாகப் புடைத்திருக்கும். அதன் மேல் தோல் நீளவாட்டில் பள்ளமும் மேடுமாக மடிந்திருக்கும். அந்தத் தோலின் உட்படையில் கொலாஜன் என்ற புரத நார்கள் ஒரே தடிப்பில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளி பட்டால் குறுகிய அலைநீளம் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தித் திரும்பி வருகிறது. மற்ற ஒளியை அடியில் இருக்கும் மெலனின் படை விழுங்கிவிடுகிறது. மெலனின் கறுப்பு, ஆனால் அது இல்லாவிட்டால் நீலம் வெளிறிப் போய்விடும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக விடும் பிழை ஒன்று உண்டு. "வானம் நீலமாகத் தெரியும் அதே காரணம்" என்று எழுதுவார்கள். பழைய புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. வானத்தில் துணிக்கைகள் ஒழுங்கற்றுக் கிடந்து தனித்தனியே ஒளியைச் சிதறடிக்கின்றன. மாண்ட்ரிலின் தோலில் நார்களின் ஒழுங்கான இடைவெளிதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் அந்த இடைவெளியை அளந்து, எந்த நிறம் வரவேண்டும் என்று கணக்கிட்டால் நீலமே வருகிறது. விடைத்தாளில் "கட்டமைப்பு நிறம்" என்று எழுதினால் போதும்.

சிவப்பின் கதை வேறு. இரு கண்களுக்கும் நடுவில் தொடங்கி மூக்குத் துவாரம் வரை இறங்கும் அந்தச் சிவப்புப் பட்டை முழுக்க முழுக்க இரத்தம். தோலுக்குக் கீழே நெருக்கமாக ஓடும் மயிர்த்துளைக் குழாய்களில் எவ்வளவு இரத்தம் பாய்கிறதோ அவ்வளவு சிவப்பு. பாய்ச்சலைக் கூட்டுவது டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோன். அதனால் நீலம் பெரும்பாலும் நிலையாக நிற்கும். சிவப்பு ஏறும், இறங்கும். காபோனில் பிரான்ஸ்வில் நகரிலுள்ள ஆய்வு நிலையம் 1983இல் 15 மாண்ட்ரில்களை வேலியிட்ட காட்டுத் துண்டு ஒன்றில் விட்டு, தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தது. ஆண்களின் நிறம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். ஓர் ஆண் தலைமை இடத்தைப் பிடித்தால் விரைகள் பருக்கின்றன, முகத்துச் சிவப்பு பரவுகிறது, பிட்டத்தில் கொழுப்புச் சேர்கிறது, நெஞ்சு நடுவிலுள்ள சுரப்பி கசியத் தொடங்குகிறது. அந்தச் சுரப்பியை மரத்தில் தேய்த்து மணத்தை விட்டுப் போகும். இடம் பறிபோனால் எல்லாம் பின்வாங்கும். சிவப்பு மங்கும், ஆனால் அடியோடு போகாது.

"பெண்ணைக் கவர நிறம்" என்று மட்டும் எழுதுவது பாதி விடை. பெண்கள் கூடுதலாகச் சிவந்த ஆணையே நாடுகின்றன என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் நிறத்தைப் படிப்பவை மற்ற ஆண்கள். வெளிறியது சிவந்ததைக் கண்டால் ஒதுங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சிவப்பு என்றால்தான் சண்டை மூளும். வளர்ந்த ஆணின் வேட்டைப்பல் 4 சென்ரிமீற்றரைத் தாண்டும். அது தசையில் இறங்கினால் வென்றதுக்கும் காயம், தோற்றதுக்கும் காயம். ஈரக்காட்டில் அது சீழ் பிடிக்கவும் கூடும். தொட்டுப் பார்க்காமலே எதிரியின் பலத்தை எடைபோட ஒரு வழி இருப்பது இரு பக்கத்துக்கும் இலாபம்.

உருவ வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆண் சராசரியாக 30 கிலோவுக்கு மேல், பெண் 12 கிலோ சொச்சம். குரங்கினங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு எடை வித்தியாசம் வேறெதிலும் இல்லை. பெண் 4, 5 வயதில் முதல் குட்டி போடும். ஆண் முழு உருவமும் நிறமும் பெற 9, 10 வருடம் எடுக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 6 மாதம், ஒரு தடவைக்கு ஒரு குட்டி. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது கேள்விக்குத் தேவைப்படும்.

இனி தீனி. மாண்ட்ரிலைப் பபூன் என்று எழுதுவதை நிறுத்தினால்தான் இது விளங்கும். நீண்ட முகத்தைப் பார்த்து ஒரு காலத்தில் பபூனோடு ஒரே சாதியில் சேர்த்திருந்தார்கள். மரபணுவும் எலும்பும் வேறு கதை சொல்கின்றன: அதன் நெருங்கிய உறவு மேற்கு, மத்திய ஆபிரிக்கக் காட்டுத் தரையில் திரியும் மங்கபே குரங்குகள். இரண்டுக்கும் பொதுவான அடையாளங்கள் இரண்டு. ஒன்று, கடைவாய்க்கு முன்னாலுள்ள பல் வழக்கத்தை விடப் பெரிது. கல் போன்ற விதையை உடைக்கும் பல் அது. மற்றது, முன்னங்கை எலும்புகளில் தசை பற்றும் இடங்கள் தடித்திருக்கும். சருகைக் கிளறி, உக்கிய மரத்தைப் பிய்க்கும் கை அது. பல்லும் கையும் சேர்ந்து தொழிலைச் சொல்லிவிடுகின்றன. மரத்தில் பழுத்ததைப் பறிப்பதோடு, விழுந்து கிடப்பதைப் பொறுக்கி உடைத்துத் தின்னும் விலங்கு இது.

இதன் அருமை பழம் குறையும் மாதங்களில் தெரியும். சதைப்பழம் விழுந்து சில நாளில் அழுகிவிடும். கடினமான ஓடுள்ள விதை சருகுக்குள் மாதக்கணக்காகக் கிடக்கும். மற்றக் குரங்குகள் இலைக்கும் பட்டைக்கும் இறங்கும்போது, மாண்ட்ரில் போன பருவத்து விதைகளைக் கிளறி எடுக்கிறது. மிகக் கடினமான விதைகளையும் அது கடித்து உடைக்கும். அந்த வலு உள்ள குரங்குகள் மிகச் சில. மற்றபடி நூற்றுக்கு மேற்பட்ட தாவர இனங்கள் அதன் பட்டியலில் உண்டு: பழம், விதை, இஞ்சிக் குடும்பத்துச் செடிகளின் தண்டுச் சோறு, கூவைக் குடும்பத்து இளம் இலை, காளான். கறையான், எறும்பு, சில்வண்டு, சிலந்தி, நத்தை, தேள், முட்டை, தவளை, எலி என்று கைக்கு அகப்படுவதும் போகும். சிறு மான் இனமொன்றின் குட்டியைப் பிடித்துத் தின்றதும் பதிவாகியிருக்கிறது.

சதவீதங்கள் ஏன் ஒத்துவருவதில்லை? அதிகம் காட்டப்படும் ஒரு கணக்கில் பழம் 50.7, விதை 26, இலை 8.2, தண்டுச் சோறு 6.8, விலங்குணவு 4.1, பூ 2.7 என்று வரும். வேறொன்றில் பழம் மட்டும் 80ஐத் தாண்டி நிற்கும். இரண்டும் பொய்யில்லை, எண்ணிய முறை வேறு. அடர்காட்டில் நூற்றுக்கணக்கில் ஓடும் குரங்கை நேரில் பார்த்து எழுதுவது கடினம். ஆகவே பலர் எச்சத்தை எடுத்து, வலையில் கழுவி, மிஞ்சியதை எண்ணுகிறார்கள். முழுதாக விழுங்கிய சிறு விதை வலையில் நிற்கும், பழம் என்று பதியும். பல்லால் நொறுக்கிய விதை மாவாகப் போயிருக்கும், பதியாது. எறும்பின் தலையும் வண்டின் இறக்கையும் மிஞ்சும். மெல்லிய புழு மிஞ்சாது. இதற்கு மேல், சிலர் விதையைத் தனியாக எழுதுவார்கள், சிலர் பழத்தோடு சேர்த்துவிடுவார்கள். மழைக்காலத்து ஆய்வும் வறண்ட காலத்து ஆய்வும் ஒன்றாகாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆக, எந்தச் சதவீதத்தைப் பாடத்தில் காட்டினாலும் "எச்சத்திலிருந்தா, நேரில் பார்த்தா, எந்த மாதங்களில்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இதை மாணவர்களுக்குக் கையால் செய்து காட்ட ஊரிலேயே வழி இருக்கிறது. கோட்டைக்குள் கோணேசர் கோயில் போகும் வழியிலும் கண்ணியா வெந்நீரூற்றுப் பக்கமும் திரியும் செங்குரங்கு, தலை உச்சியில் மயிர் வட்டமாக விரிந்திருக்கும் அந்தச் சிறிய குரங்கு, மாண்ட்ரிலின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டுக்கும் கன்னப்பை உண்டு. கறுத்த முகமும் நீண்ட வாலுமுள்ள சாம்பல் குரங்குக்குக் கன்னப்பை இல்லை. அதற்கு அறை அறையாகப் பிரிந்த வயிறு, இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் வயிறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் கணக்கு நாறிவிடும்.

முறை எளிது. மூன்று பேர் ஒரு குழு: ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க. காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, கண்ணில் படும் ஒவ்வொரு குரங்கையும் இடமிருந்து வலமாக ஒரு முறை மட்டும் பார்த்து, அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ஆண், பெண், குட்டி; தரையிலா மரத்திலா; தின்றால் என்ன. மூன்று மணி நேரத்தில் 18 தடவை. தடவைக்கு 12 குரங்கு தெரிந்தால் 216 பதிவு. அதில் 60 பதிவு தீனி, அந்த 60இல் 30 பழம் என்றால் பழம் 50 வீதம். 216ஆல் பிரிப்பது எல்லா வகுப்பிலும் நடக்கும் பிழை.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் கன்னப்பைதான். கச்சான் கடலையை அள்ளிப் பையில் அடைத்துக்கொண்டு போய், அரை மணி நேரம் கழித்து ஆலமரத்தில் இருந்து புறங்கையால் கன்னத்தை அமுக்கி வாய்க்குள் தள்ளிச் சாப்பிடும். பார்ப்பவர் "ஆலம்பழம்" என்று எழுதிவிடுவார். கை வாய்க்குப் போனதைக் கண்டால்தான் உணவின் பெயர். தாடை மட்டும் அசைந்தால் "பையிலிருந்து" என்று தனி நிரல். பக்தர்கள் போடும் வாழைப்பழத்துக்கும் கச்சானுக்கும் இன்னொரு நிரல். வெள்ளிக்கிழமையும் மற்ற நாளும் தனித்தனியே வேண்டும். கூட்டம் கூடினால் தீனி மாறும். தோட்டத்து வாழைப்பழத்தில் காட்டுப் பழத்தை விடச் சீனி அதிகம், நார் குறைவு. அதைத் தின்று வளரும் குரங்குக்குப் பல்லும் உடம்பும் கெடுகின்றன, மனிதர் கையைப் பறிக்கவும் பழகுகிறது. ஆகவே பிள்ளைகள் ஒன்றும் கொடுக்கக் கூடாது, உணவுப் பையை வெளியே காட்டவும் கூடாது. குறைந்தது 10 மீற்றர் தள்ளி நிற்கட்டும். கண்ணோடு கண் பார்ப்பது செங்குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு. வாயைத் திறந்தபடி முறைத்தால் பின்வாங்குங்கள். மாண்ட்ரிலில் உதட்டை மேலே இழுத்துப் பல்லைக் காட்டுவது சிநேக வணக்கம் என்பதால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி தேவையா என்று அங்கே சொல்வார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மாண்ட்ரில் வாழ்வது கமரூனில் சனாகா ஆற்றுக்குத் தெற்கே, எக்குவடோரியல் கினியின் நிலப்பகுதி, காபோன், கொங்கோ குடியரசின் தென்மேற்கு. சனாகாவுக்கு வடக்கே அதன் சகோதர இனமான ட்ரில். காபோனின் லோப்பே தேசியப் பூங்காவில் திறந்த வெளியைக் கடக்கும்போது எண்ணியதில் ஒரு கூட்டத்தில் சராசரி 620 தலை, மிகப் பெரியதில் 845. மனிதரை விட்டால், குரங்கினத்தில் நிலையாகச் சேர்ந்து திரியும் இவ்வளவு பெரிய கூட்டம் அரிது. கூட்டம் என்பது பெண்களும் குட்டிகளும்தான். வளர்ந்த ஆண்களில் பல வருடத்தின் பெரும்பகுதி தனியே திரிந்து, யூன் தொடங்கி வரும் வறண்ட மாதங்களில், பெண்கள் இணைக்குத் தயாராகும்போது உள்ளே வருகின்றன. குட்டிகள் மழையும் பழமும் உள்ள மாதங்களில் பிறக்கின்றன.

சிறுத்தை, முடிக்கழுகு, மலைப்பாம்பு ஆகியவற்றுக்கு எதிராக அந்தக் கூட்டம் நல்ல அரண். 600 சோடிக் கண்ணில் ஏதாவதொன்று கண்டுவிடும். நோய்க்கும் ஒரு அரண் வைத்திருக்கின்றன: குடலில் ஒட்டுண்ணி உள்ளதன் உடலிலிருந்து மயிர் கோதிவிடுவதை மற்றவை குறைத்துக்கொள்கின்றன. எச்சத்தின் மணத்திலேயே பிடித்துவிடுகின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து கொடுத்து ஒட்டுண்ணியைப் போக்கியதும் திரும்பக் கோதின.

துவக்குக்கு முன்னால் இந்த அரண் அப்படியே தலைகீழாகிறது. அடர்காட்டில் ஒருவரையொருவர் காணாமல் போகாதிருக்க அவை உறுமியும் கத்தியும் கொண்டே நகர்கின்றன. தூரத்திலிருந்தே வேட்டைக்காரனுக்குக் கேட்கும். நாயைக் கண்டால் மரத்தில் ஏறும். சிறுத்தைக்குத் தப்ப அது சரி, கீழே துவக்கு நின்றால் ஒரே இடத்தில் பலது விழும். 30 கிலோ ஆண் ஒன்று ஒரு தோட்டாவுக்கு நல்ல இறைச்சி. முன்பு வேட்டை கிராமத்தைச் சுற்றி நடந்தது. மரம் ஏற்றும் கொம்பனிகள் காட்டுக்குள் வீதி வெட்டிய பிறகு, நகரச் சந்தைக்குக் காட்டிறைச்சி அனுப்ப லொறியே போகிறது. மேலே குறித்துக்கொள்ளச் சொன்ன எண்களை இப்போது எடுங்கள்: ஒரு தடவைக்கு ஒரு குட்டி, ஆண் தயாராகப் பத்து வருடம். நல்ல தீனி கிடைக்கும் அடைப்புகளில்கூட ஒரு பெண் அடுத்தடுத்த குட்டிக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கிறது. ஒரு வேட்டைக் காலத்து இழப்பை அந்த வேகத்தில் ஈடுகட்ட முடியாது. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அது "பாதிப்புக்குள்ளாகக்கூடியது" என்ற நிலையில் இருக்கிறது. "அருகிவருவது" என்று எழுத வேண்டாம், அது எங்கள் செங்குரங்கின் நிலை. அழிவாபத்துள்ள உயிரினங்களின் உலக வணிக ஒப்பந்தத்தில் (CITES) முதலாவது பின்னிணைப்பு, அதாவது வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தடை.

வேட்டைக்கு அடுத்தது பழம். லோப்பேயில் 1986 முதல் 2018 வரை மாதாமாதம் மரங்களை அண்ணாந்து பார்த்து எழுதிய பதிவு உண்டு. காட்டு யானைக்குப் பிடித்த 73 மர இனங்களில் பழுத்த பழம் காணும் வாய்ப்பு அந்தக் காலத்தில் 81 வீதம் குறைந்துவிட்டது. அங்கே சில மரங்கள் பூக்க, வறண்ட பருவத்து இரவில் வெப்பம் 19 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். இரவுகள் சூடேறி வருவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மாண்ட்ரில் தின்பதும் அதே காட்டின் பழத்தையும் விதையையும்தான்.

இனி மாணவர்களின் கேள்வி. மழையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்: லோப்பேயில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீற்றர், திருகோணமலையிலும் அதை அண்டியதே. வித்தியாசம் வறண்ட மாதங்களில் இருக்கிறது. காபோனில் யூனிலிருந்து செப்டெம்பர் வரை மழை இல்லாவிட்டாலும் வானம் மூடியே கிடக்கும், குளிரும். மண் காயாது, காடு பசுமையாகவே நிற்கும். இங்கே அதே மாதங்களில் வெயில் கொளுத்தும், கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சும். பாலைப்பழமும் வீரைப்பழமும் வந்து போன பிறகு தரையில் மிஞ்சுவது கொஞ்சம். சிறிய கூட்டமாக, பெண் 4 கிலோவும் ஆண் 6 கிலோவும் தேறாத உடம்போடு, குளக்கட்டிலும் கோயிலிலும் ஒட்டிப் பிழைக்கச் செங்குரங்கால் முடியும். மாண்ட்ரில் கூட்டம் அப்படி ஒட்டாது. லோப்பேயில் ஒரு கூட்டம் உலாவிய பரப்பு 182 சதுர கிலோமீற்றர். திருகோணமலை மாவட்டம், வயலும் குளமும் ஊரும் எல்லாம் சேர்த்து, 2,727 சதுர கிலோமீற்றர். ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்கினால் மாவட்டம் முழுவதற்கும் ஏறக்குறைய 15 கூட்டம். தம்பலகாமத்து வயலை 600 குரங்கு ஒரே காலையில் கடந்தால் அந்தப் போகத்தில் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.